விண்ணப்பப் படிவத்துக்கு முன் படங்களைக் காட்டுங்கள்

கொழும்பிலும் அதைச் சுற்றியும் திரைப்படத்தைப் பட்டப்படிப்பாகக் கற்பிக்கும் பல்கலைக்கழகத் துறைகளின் தலைவர்களுக்கும், தனியார் உயர்கல்வி நிறுவனங்களின் பணிப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

படத்தொகுப்பு என் தொழில். அதனாலேயே உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியானதும் வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் வத்தளையிலிருந்தும் எனக்கு அழைப்புகள் வரத் தொடங்கிவிடும். ஹட்டனிலிருந்தும் மன்னாரிலிருந்தும்கூட வரும். "மகள் படம் எடுக்கத்தான் படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள், எங்கே சேர்த்தால் நல்லது?" என்பதுதான் எல்லோருடைய கேள்வியும். கேட்கிறவர்களில் பலருக்கு, அந்தப் படிப்பே வேண்டாம் என்று என் வாயால் வரவேண்டும் என்ற ஆசை உள்ளூர இருக்கும். நான் அப்படிச் சொல்வதில்லை. மூன்று நான்கு ஆண்டுகளைப் படம் பார்க்கவும் படம் எடுக்கவுமென்றே ஒதுக்கி வைக்கக் கிடைப்பதும், அதே வேட்கை கொண்ட நண்பர்கள் பக்கத்து மேசையில் அமைவதும் பெரும் பேறு. எங்கே போனால் அந்தப் பேறு கிடைக்கும் என்று கேட்டால்தான் எனக்குப் பதில் தெரிவதில்லை. பதில் சொல்வதற்கு வேண்டியதை நீங்கள் வெளியே விடுவதில்லை.

உங்கள் விளம்பரக் கையேடுகளை வரி விடாமல் படித்திருக்கிறேன். கட்டடம் இருக்கிறது, கலையகம் இருக்கிறது, பட்டமளிப்பு விழாவில் சிரிக்கும் முகங்கள் இருக்கின்றன. பாட அலகுகளின் பெயர்கள் அட்டவணையாக இருக்கின்றன. அங்கே சேர்கிற ஒரு பிள்ளை முதலாம் ஆண்டு முடியும்போது எத்தனை படங்களில் என்னென்ன வேலை செய்திருக்கும் என்பதை மட்டும் எங்கேயும் காணவில்லை. ஒரு பொறியியல் மாணவரின் நான்கு வருட உழைப்பை வெளியாள் ஒருவர் பார்த்து எடைபோடுவது கடினம். திரைப்பட மாணவரின் உழைப்போ பதினைந்து நிமிடத்தில் எல்லோர் கண்முன்னாலும் ஓடி முடிந்துவிடும். இவ்வளவு எளிதாகக் காட்டக்கூடிய ஒன்றை வன்தட்டுகளில் பூட்டி வைத்துவிட்டு, மற்ற எல்லாவற்றையும் காட்டுகிறீர்கள்.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். விண்ணப்பங்களைக் கோருவதற்கு முன்னர், கடைசியாக வெளியேறிய மாணவர் தொகுதியின் இறுதியாண்டுப் படங்கள் அனைத்தையும், முழுப் பெயர்ப் பட்டியலோடு, விண்ணப்பிக்க விரும்புவோருக்குத் திரையிடுங்கள். இந்த மடலில் நான் கேட்கப்போகும் மற்றவை எல்லாம் இதற்கு அடுத்தபடிதான்.

அனைத்தையும் என்பதை வலியுறுத்திச் சொல்கிறேன். பரிசு பெற்ற இரண்டு படங்களை எல்லா நிறுவனங்களும் காட்டுகின்றன. அந்த இரண்டையும் எடுத்த பிள்ளைகள் எங்கே படித்திருந்தாலும், படிக்காமலே இருந்திருந்தாலும்கூட, ஒரு கைத்தொலைபேசியை வைத்துக்கொண்டு ஏதாவது செய்திருப்பார்கள். அவர்களுடைய திறமைக்கு நீங்கள் உரிமை கோர முடியாது. வகுப்பில் நடுவில் நிற்கும் மாணவரின் படத்தில்தான் உங்கள் கற்பித்தல் தெரியும். பெரிய கற்பனையோ வீட்டில் பணமோ இல்லாத, சொன்னதைக் கேட்டுச் செய்கிற ஒரு பிள்ளையை நான்கு ஆண்டுகளில் எந்த இடம்வரை கொண்டுபோய் விட்டிருக்கிறீர்கள் என்பதைப் பார்க்க வேண்டும். விண்ணப்பிக்கிறவர்களில் பெரும்பாலோர் அந்தப் பிள்ளையைப் போன்றவர்கள்தான். தங்களுக்கு என்ன கிடைக்கும் என்பதை அவர்கள் அந்தப் படத்தில்தான் காண்பார்கள்.

அப்படிப்பட்ட ஒரு படத்தில் முதலில் எதைக் கவனிக்க வேண்டும் என்று பெற்றோர் என்னிடம் கேட்டால், கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள் என்பேன். இப்போதைய கமராக்கள் கெட்டிக்காரத்தனமானவை. ஓரளவு வெளிச்சம் இருந்தால் யார் பிடித்தாலும் கண்ணுக்கு இதமான படம் வரும். ஒலிக்கு அந்தச் சலுகை இல்லை. காலி வீதியோரத்து வீடொன்றில் தாயும் மகனும் பேசும் காட்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். தாயின் முகம் வரும்போது மின்விசிறி இரைகிறது. மகனின் முகம் வரும்போது விசிறி நின்றுவிடுகிறது, அதற்குப் பதிலாக எங்கோ ஒரு பஸ் உறுமுகிறது. மறுபடி தாய், மறுபடி விசிறி. காட்சி முழுவதும் காதுக்குள் கதவு திறந்து மூடிக்கொண்டே இருக்கும். படப்பிடிப்பு முடிந்ததும் எல்லோரையும் அசையாமல் நிற்கச் சொல்லி, அந்த அறையின் சத்தத்தை மட்டும் ஒரு நிமிடம் பதிவு செய்து கொண்டு வந்திருந்தால், படத்தொகுப்பு மேசையில் அதைப் பேச்சின் கீழே விரித்து இந்தத் தொல்லையைப் பெருமளவு தீர்த்துவிடலாம். இது பணம் கேட்காத வேலை. யாரோ ஒருவர் மாணவரின் பக்கத்தில் நின்று, "இன்னும் போகாதீர்கள், அறையைப் பதிவு செய்யுங்கள்" என்று சொல்லிப் பழக்க வேண்டிய வேலை. நடுத்தர மாணவரின் படத்திலும் பேச்சின் அடியில் அந்த அறையின் ஒலி அறுபடாமல் ஓடுமானால், அங்கே படப்பிடிப்புத் தளம்வரை வந்து கற்பித்த ஓர் ஆசிரியர் இருந்திருக்கிறார் என்று நம்பலாம்.

அடுத்து, பெயர்ப் பட்டியல். கதை, இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு என்று நான்கு இடத்திலும் ஒரே பெயர் வந்தால் ஊர்ப் பெரியவர்கள் மெச்சிக்கொள்வார்கள். எனக்கு அது கவலை தரும் அடையாளம். தன் படத்துக்கு ஒளிப்பதிவு செய்ய வகுப்பில் இன்னொருவரை நம்பி அழைக்கும் நிலையை அந்த நிறுவனம் உருவாக்கவில்லை என்று அது சொல்கிறது. 1960இல் பழைய பிரபாத் ஸ்டூடியோ வளாகத்தில் தொடங்கிய புனே திரைப்பட நிறுவனத்தின் வழக்கத்தைப் பாருங்கள். இயக்கம், ஒளிப்பதிவு, ஒலி, படத்தொகுப்பு என்று தனித்தனிப் பிரிவுகளாகச் சிறு எண்ணிக்கையில் மாணவரைச் சேர்த்து, இறுதிப் படத்தை அந்தப் பிரிவுகளின் மாணவர்கள் கூடிச் செய்யும்படி வைத்திருக்கிறார்கள். ஒருவரின் படத்தில் நால்வர் தேர்ச்சி பெறுகிறார்கள் அல்லது நால்வரும் தடுமாறுகிறார்கள். அங்கிருந்து வெளியேறுகிறவர்களுக்குச் சான்றிதழோடு மூன்று நான்கு கூட்டாளிகளும் மிஞ்சுகிறார்கள், பிறகு பல ஆண்டுகள் அவர்களே ஒருவருக்கொருவர் வேலை கொடுத்துக்கொள்கிறார்கள். உங்களிடம் அப்படிப் பிரிவுகள் இல்லாமல் இருக்கலாம், மாணவர் தொகை குறைவாக இருக்கலாம். இருந்தாலும், ஒவ்வொரு மாணவரும் தன் படத்தைத் தவிர எத்தனை பேரின் படங்களில் என்ன வேலை செய்தார் என்ற கணக்கை எழுதி வெளியிட முடியும்.

இதற்கு உங்களில் சிலர் சொல்லப்போகும் மறுப்பு எனக்குத் தெரியும். மாணவர் படங்கள் பயிற்சிகள், அவற்றில் சில பலவீனமாக இருக்கும், எல்லாவற்றையும் பொதுவில் போட்டால் அந்தப் பிள்ளைகள் அவமானப்படுவார்கள் என்பீர்கள். நியாயமான கவலைதான். இணையத்தில் ஏற்றச் சொல்லி நான் கேட்கவில்லை. மாணவரின் சம்மதத்தோடு, உங்கள் மண்டபத்தில், பதிவு செய்துகொண்ட விண்ணப்பதாரருக்கும் அவர்களின் வீட்டாருக்கும் மட்டும் காட்டலாம். சம்மதம் தராதவரின் படத்தை விட்டுவிட்டு, எத்தனை படங்கள் விடுபட்டன என்பதைச் சொல்லிவிடுங்கள். பலவீனமான படத்தை எடுத்த மாணவரையும் மேடைக்கு அழைத்து, எங்கே தவறியது என்று அவர் வாயாலேயே சொல்லச் செய்யும் துறையைக் கண்டால், என் வீட்டுப் பிள்ளையை அங்கேதான் அனுப்புவேன். வெற்றி பெற்ற படத்தைவிட அந்த ஐந்து நிமிடப் பேச்சு அந்தத் துறையைப் பற்றிக் கூடுதலாகச் சொல்லும்.

கருவிகளைப் பற்றியும் பேச வேண்டும். ஏனென்றால் பெற்றோரின் கண்கள் முதலில் போய் நிற்பது அங்கேதான். என் அக்காவின் மகளோடு ஒரு நிறுவனத்தின் அறிமுக நாளுக்குப் போயிருந்தேன். குளிரூட்டிய அறை, கண்ணாடி அலுமாரி, உள்ளே சிறு விளக்கின் கீழ் ஒரு விலையுயர்ந்த கமரா. சுற்றிக்காட்டிய இளைஞர் அதன் விலையைச் சொன்னார், சுற்றி நின்ற பெற்றோர் தலையசைத்தார்கள். நான் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்த பூம் ஒலிவாங்கியை, நீண்ட கோலின் நுனியில் பொருத்திப் பிடிக்கும் அதை, பார்த்தேன். காற்றின் இரைச்சலைத் தடுக்க அதற்குப் போர்த்தும் உரோம உறை, கடையிலிருந்து வந்த பொலித்தீன் பையை விட்டு வெளியே வரவே இல்லை. முக்காலியின் இறப்பர்ப் பாதங்களில் ஒரு கீறல்கூட இல்லை. முதலாம் ஆண்டு மாணவர் இவற்றை எப்போது வெளியே எடுத்துப்போகலாம் என்று அக்காவின் மகள் கேட்டாள். இரண்டாம் ஆண்டில், விரிவுரையாளர் கூட இருந்தால் என்று பதில் வந்தது. ஒரு தடவைக்கு எத்தனை மணிநேரம் என்று கேட்டாள். அதை அலுவலகத்தில் கேட்க வேண்டுமாம்.

வேறோரிடத்தில், ஓர் அரச நிறுவனத்தில், பொருட்களஞ்சியத்துக்குள் எட்டிப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. கமராக்கள் பழையவை. மூலைகளில் வர்ணம் உதிர்ந்து, மின்கலம் செருகும் இடத்தில் கறுப்பு ஒட்டுநாடா சுற்றியிருந்தார்கள். மேசையில் நீள்சதுரப் பதிவேடொன்று, ஓரங்கள் மடிந்து, பக்கங்கள் தடித்துப்போய்க் கிடந்தது. எடுத்தவர் கையொப்பம், எடுத்த நேரம், திருப்பித் தந்த நேரம், "வலப்பக்க ஒலி உள்ளீடு வேலை செய்யவில்லை" என்ற குறிப்பு. ஞாயிற்றுக்கிழமைகளிலும் கையொப்பங்கள் இருந்தன. அந்தப் பதிவேட்டை எந்தக் கையேட்டிலும் அச்சிட்டு நான் பார்த்ததில்லை. அதில் ஒரு மாதத்துப் பக்கங்களை, பெயர்களை மறைத்துவிட்டு, அறிவித்தல் பலகையில் ஒட்டுங்கள். மாணவர் தொகை என்ன, வெளியே போகக்கூடிய கமரா எத்தனை, ஒலிப்பதிவுத் தொகுதி எத்தனை, படத்தொகுப்பு அறை இரவு எத்தனை மணிவரை திறந்திருக்கும் என்பவற்றையும் அதன் கீழே எழுதிவிடுங்கள். கருவியின் விலை எங்களுக்கு வேண்டாம், அது மாணவர் கையில் இருக்கும் நேரம்தான் வேண்டும்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. 16 மில்லிமீட்டர் படச்சுருளில் கற்ற தலைமுறைக்கு 400 அடிச் சுருள் ஏறத்தாழ 11 நிமிடம்தான் ஓடும். அதற்குள் என்ன எடுப்பது என்று முதல் நாளே உட்கார்ந்து யோசித்தாக வேண்டும். இப்போது நினைவட்டை மலிவு, மாணவர்கள் மணிக்கணக்கில் எடுத்துக் குவிக்கிறார்கள், தொகுப்பு மேசையில் திணறுகிறார்கள். நல்ல ஆசிரியர் செயற்கையாகவேனும் ஓர் எல்லை போடுவார். பத்து நிமிடப் படத்துக்கு எவ்வளவு நேரத்துக்கு மேல் எடுக்கக்கூடாது என்று உங்கள் பயிற்சிகளில் விதி ஏதும் இருந்தால், அதைக் கையேட்டில் சேருங்கள். விஷயம் தெரிந்தவர்கள் அதைப் படித்ததும் உங்களை மதிப்பார்கள்.

இனி, ஆசிரியர்கள். விளம்பரத்தில் புகழ்பெற்ற இயக்குநர் ஒருவரின் முகம் பெரிதாக இருக்கும். அவர் வருடத்துக்கு ஒரு மாலைப்பொழுது வந்து பேசிவிட்டுப் போகிறவரா, மாணவரின் திரைக்கதையை மூன்று தடவை திருப்பிக் கொடுத்து எழுத வைக்கிறவரா என்பது சேர்ந்த பிறகுதான் தெரிகிறது. வருகை விரிவுரையாளர்களை நான் குறைத்துப் பேச மாட்டேன். வங்காள இயக்குநர் ருத்விக் கட்டக் புனேயில் கற்பித்தது 1960களின் நடுவில் சிறிது காலமே. அந்தச் சிறிது காலத்தில் மணி கௌல், குமார் சஹானி, ஜோன் ஆபிரகாம் போன்ற மாணவர்களுக்குள் அவர் இட்டது அவர்கள் வாழ்நாள் முழுவதும் எரிந்தது. ஆண்டுக்கணக்கைவிட, வகுப்பில் அவர் எப்படி இருந்தார் என்பதே அங்கே பயன் தந்தது. நம் நாட்டிலும் 1948இல் தொடங்கிய அரசாங்கத் திரைப்படப் பிரிவு பள்ளிக்கூடமென்ற பெயர் இல்லாமலே பள்ளிக்கூடமாக இருந்தது. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸும் வில்லியம் பிளேக்கும் டைட்டஸ் தொட்டவத்தவும் அங்கே ஆவணப்படங்களில் கூடி வேலை செய்து பழகியவர்கள். பிறகு மூவரும் சேர்ந்து வெளியேறி, 1956இல் கமராவைக் கலையகச் சுவர்களுக்கு வெளியே கொண்டுபோய் எடுத்த 'ரேகாவ' படத்தால் சிங்கள சினிமாவின் போக்கே மாறியது. எனவே நீங்கள் வெளியிட வேண்டியது பெயர்களை மட்டுமல்ல. இந்தப் பருவத்தில் இந்தப் பாடத்தை இன்னார் வாரத்துக்கு இத்தனை மணிநேரம் நடத்துகிறார், அவர் கடைசியாக வேலை செய்த படம் இது என்று எழுதுங்கள். கடைசிப் படம் இருபது வருடத்துக்கு முந்தியது என்றால் அதையும் எழுதுங்கள். படம் எடுப்பதை நிறுத்திவிட்டு முழுமூச்சாகக் கற்பிப்பவர்களில் அருமையான ஆசிரியர்கள் உண்டு, ஒளிக்க வேண்டிய காரியம் அன்று.

தமிழ்ப் பிள்ளைகளின் சார்பில் நான் இந்த மடலை எழுதுவதற்கு முதற்காரணம் மொழி. கொழும்பை அண்டிய திரைப்படக் கற்கைநெறிகள் பெரும்பாலும் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ நடக்கின்றன. அதைக் குறை சொல்ல வரவில்லை. கொட்டாஞ்சேனையில் வளர்ந்த பிள்ளைகள் மூன்று மொழியிலும் சமாளிப்பார்கள், மலையகத்திலிருந்தும் வடக்கிலிருந்தும் வருகிறவர்கள் ஓராண்டில் பிடித்துக்கொள்வார்கள். விரிவுரை எந்த மொழியில் நடந்தாலும், அந்தப் பிள்ளை தமிழில் படம் எடுக்க விரும்பினால் என்ன நடக்கும் என்பதுதான் என் கேள்வி. யார் அதை மேற்பார்வை செய்வார்? யார் புள்ளியிடுவார்?

என் தொழிலிலிருந்து சொல்கிறேன். ஒரு வசனத்தை நடிகை ஐந்து தடவை பேசியிருப்பாள். ஐந்திலும் சொற்கள் ஒன்றே, முகபாவமும் ஏறத்தாழ ஒன்றே. மூன்றாவது தடவையில் "வாங்கோ" என்பதை அரை நொடி இழுத்து, பிடிக்காத விருந்தாளியை வரவேற்கும் தொனியில் சொல்லியிருப்பாள். அந்த ஒன்றைத்தான் எடுக்க வேண்டும், காட்சியின் உயிர் அதில்தான் இருக்கிறது. தமிழ் தெரியாத மேற்பார்வையாளர் ஐந்தையும் பார்த்துவிட்டு, வெளிச்சம் நன்றாக விழுந்த ஐந்தாவதைக் காட்டுவார். அவர் மேல் பிழை இல்லை, அவருக்குக் கேட்கும் எல்லை அவ்வளவுதான். வத்தளைத் தமிழும் பதுளைத் தமிழும் மட்டக்களப்புத் தமிழும் ஒரே குடும்பத்து உறுப்பினர் வாயில் கலந்து வந்தால் பார்வையாளர் நம்பமாட்டார்கள் என்பதையும் அவரால் எச்சரிக்க முடியாது. விளைவாக, நான் பார்த்த மாணவர்கள் பலர் வேறு வழிக்குப் போய்விடுகிறார்கள். வசனமே இல்லாத படம் எடுக்கிறார்கள், அல்லது தங்கள் வீட்டில் யாரும் பேசாத மொழியில் தங்கள் வீட்டுக் கதையை எடுக்கிறார்கள். வசனமில்லாப் படம் ஒருவரின் தேர்வாக இருந்தால் அழகு. மேற்பார்வையாளருக்கு விளங்காது என்பதற்காக வாயைக் கட்டிக்கொள்வது வேறு.

இதற்குத் தமிழ் விரிவுரையாளர்தான் வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிக்கவில்லை. தர்மசேன பத்திராஜ சிங்களவர். யாழ்ப்பாணத்தில் விரிவுரையாளராக இருந்து, அந்த மண்ணின் மனிதர்களோடு பழகி, 1970களில் தமிழில் 'பொன்மணி'யை இயக்கினார். மொழிக்குள் காலெடுத்து வைக்கிற மனம் இருந்தால் போதும். மட்டக்களப்பில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கைகள் துறை இருக்கிறது, கொழும்பிலேயே தமிழ் நாடகத்திலும் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் ஊறியவர்கள் இருக்கிறார்கள். தமிழ்ப் படம் எடுக்கும் மாணவருக்கு இவர்களில் ஒருவரை இணை மேற்பார்வையாளராக வைப்பதற்கு ஒரு கடிதமும் சிறு கொடுப்பனவும் போதும். இதைச் செய்கிறீர்களா, செய்யப்போகிறீர்களா என்று கையேட்டில் தெளிவாக எழுதுங்கள். "இல்லை" என்றால் "இல்லை" என்றே எழுதுங்கள். வசதியுள்ள பெற்றோர் பிள்ளையைச் சென்னைக்கு அனுப்பத் துடிப்பதற்கு, தரமணியிலோ கோடம்பாக்கத்திலோ கருவிகள் நன்றாக இருக்கும் என்பதைக் காட்டிலும், அங்கே பிள்ளையின் வசனத்தைக் காதால் கேட்டுத் திருத்த ஆள் இருக்கும் என்ற எண்ணமே காரணம். கொழும்பிலேயே அது கிடைத்தால் அந்தப் பிள்ளை தன் ஊரின் வெளிச்சத்திலேயே, தன் ஊர்ப் பேச்சிலேயே படம் எடுத்துப் பழகும்.

பணத்தை எடுத்துக்கொள்வோம். அரச பல்கலைக்கழகத்தில் கற்கைக் கட்டணம் இல்லை, தனியாரிடம் இலட்சக்கணக்கில் போகும். அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். தெரியாதது, இறுதிப் படத்துக்கு மாணவர் தன் சட்டைப்பையிலிருந்து போடும் தொகை. நடிகர்களின் சாப்பாடு, வாகனம், இடத்துக்கான அனுமதிக் கட்டணம், வன்தட்டு, ஒலிக்கலவை என்று எல்லாம் சேர்ந்து வீட்டுக்குத் தெரியாமல் நகை அடகுக்குப் போன கதைகள் எனக்குத் தெரியும். கடந்த ஆண்டு மாணவர்கள் உண்மையில் செலவிட்டது எவ்வளவு என்று அவர்களிடமே கேட்டு, மிகக் குறைந்தது, மிகக் கூடியது என இரண்டு எண்களை வெளியிடுங்கள். செலவை மாணவர் ஏற்க வேண்டியிருந்தால், முடிந்த படம் யாருக்குச் சொந்தம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இதில் உலகெங்கும் ஒரே வழக்கம் இல்லை. அமெரிக்காவில் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகம் தன் வளங்களைக் கொண்டு எடுக்கப்படும் மாணவர் படங்களின் பதிப்புரிமையைத் தன்னிடமே வைத்துக்கொள்கிறது, நியூயோர்க் பல்கலைக்கழகத்தில் அது மாணவருக்கே போகிறது. இரண்டுக்கும் நியாயம் சொல்லலாம். இங்கே பல மாணவர்களுக்குத் தங்கள் நிலை எது என்பதே விழாவுக்குப் படம் அனுப்பும் நாளில்தான் தெரியவருகிறது. சேரும்போது கையொப்பமிடும் தாளிலேயே அது இருக்க வேண்டும்.

பெண்பிள்ளைகளின் பெற்றோர் என்னிடம் தாழ்ந்த குரலில் கேட்கும் கேள்விகள் சில உண்டு. இரவுப் படப்பிடிப்பு எத்தனை மணிக்கு முடியும், கடைசி பஸ் போய்விட்டால் யார் வீட்டில் கொண்டுவந்து விடுவார்கள், படப்பிடிப்பில் ஒருவன் அத்துமீறினால் யாரிடம் போய்ச் சொல்வது. பகிடிவதையைத் தடுக்க 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, ஆனால் படப்பிடிப்புத் தளம் வளாகத்துக்கு வெளியே, மூத்த மாணவர் அதிகாரத்தில், நள்ளிரவில் நடக்கிற ஒன்று. அங்கே யார் பொறுப்பு என்பதை எழுதி வையுங்கள். முறைப்பாட்டை ஏற்கும் இரண்டு பேரின் பதவிப் பெயரையாவது, அவர்களில் ஒருவர் துறைக்கு வெளியே இருப்பவராக, வெளியிடுங்கள். நல்ல திறமையுள்ள பெண்கள் இயக்கத்தையும் ஒளிப்பதிவையும் விட்டுவிட்டு, பகலில் முடியும் வேலை என்று படத்தொகுப்புக்கு ஒதுங்கி வருவதை என் அறையிலேயே கண்டிருக்கிறேன். என் தொழிலுக்கு அவர்கள் வருவது எனக்கு மகிழ்ச்சி. விரும்பி வந்தால் இன்னும் மகிழ்ச்சி.

வெளியே எடுத்துப்போகும் கமராவோடு துறையின் கடிதமும் போக வேண்டும் என்பதை இதன் கூடவே சொல்லிவிடுகிறேன். கோட்டைப் புகையிரத நிலையத்திலோ புறக்கோட்டையிலோ கமராவோடு நிற்கும் மாணவரை யாராவது வந்து விசாரிப்பார்கள். தமிழ்ப் பெயர் எழுதிய அடையாள அட்டையோடு நிற்கும் பிள்ளைக்கு அந்த விசாரணை நீளக்கூடும். துறைத் தலைவரின் கையொப்பமும், அழைத்தால் எடுக்கக்கூடிய ஓர் அலுவலகத் தொலைபேசி இலக்கமும் உள்ள ஒரு தாள் அந்தப் பிள்ளையின் படப்பிடிப்பு நாளைக் காப்பாற்றும்.

தனியார் நிறுவனங்களுக்கு ஒரு வரி. பட்டத்தை வழங்குவது நீங்களா, வெளிநாட்டுப் பல்கலைக்கழகமா, 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் 25ஏ பிரிவின் கீழ் பெற்ற அங்கீகாரம் இந்தக் கற்கைநெறிக்கே உரியதா என்பதை முதல் பக்கத்தில் போடுங்கள். அரச பல்கலைக்கழகங்களுக்கும் ஒன்று. உளச்சார்புப் பரீட்சை வைப்பதாக இருந்தால் பழைய வினாத்தாள்களைத் தமிழிலும் வெளியிடுங்கள். இசட் புள்ளியோடு விருப்பத் தெரிவு வரிசையை நிரப்பி அனுப்பிய பிள்ளை, ஒருமுறை பதிவு செய்துவிட்டால் வேறு கற்கைநெறிக்கு மாறுவது எளிதன்று. தெரியாமல் எடுத்த தெரிவுக்கு அது தன் இளமையில் நான்கு ஆண்டுகளைக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

இவற்றில் எதற்கும் புதுக் கட்டடமோ பெரிய ஒதுக்கீடோ தேவையில்லை. படங்கள் உங்களிடம் இருக்கின்றன, பதிவேடு இருக்கிறது, நேர அட்டவணை இருக்கிறது. ஒரு சனிக்கிழமையை ஒதுக்குங்கள். உங்கள் மண்டபம் சிறியதென்றால் பௌத்தாலோக மாவத்தையில் தேசிய திரைப்படக் கூட்டுத்தாபனத்தின் தரங்கனி மண்டபம் இருக்கிறது, வெள்ளவத்தையில் கொழும்புத் தமிழ்ச் சங்கம் இருக்கிறது. மூன்று மொழியிலும் அறிவித்தல் போடுங்கள். தமிழ் அறிவித்தலை எழுதித் தரவும், தமிழ்ப் பாடசாலைகளின் ஊடகக் கற்கை ஆசிரியர்களுக்கு அதைக் கொண்டு சேர்க்கவும், திரையிடலுக்கு முன் ஒலியையும் படத்தையும் மண்டபத்துக்கேற்பச் சரிபார்க்கவும் நானும் என் தொழில் நண்பர்களும் சம்பளமின்றி வருவோம். அடுத்த விண்ணப்பம் கோரலுக்கு முன் ஒரேயொரு துறையாவது திகதியைக் குறித்து அறிவித்தால், என்னைக் கேட்கும் பெற்றோருக்கு முதலில் அந்தத் துறையின் பெயரையே சொல்வேன்.

இப்படிக்கு,
கொழும்பு 6-இலிருந்து ஒரு படத்தொகுப்பாளர்